புனித டேவிட் கோட்டை

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர் கோட்டை. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்த்த கண்ணோடு இங்கே மதிலும் கொத்தளமும் தேடி வருபவர் ஏமாந்துபோவார். மிஞ்சியிருப்பவை சில இடிபாடுகளே. சில்வர் பீச்சுக்கு மாலையில் வரும் கூட்டத்தில் பலருக்கு அருகில் ஒரு கோட்டை இருந்ததே தெரியாது.

கம்பெனி இந்தக் கோட்டையைப் புதிதாகக் கட்டவில்லை, விலைக்கு வாங்கியது. முதலில் ஒரு வணிகர் கட்டியது, பிறகு மராட்டியர் கைக்குப் போனது. 1690-இல் சென்னையின் ஆளுநர் எலிஹு யேல், செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து இதைப் பெற்றார். மொகலாயர் படை நெருக்கிய நேரம் அது. ராஜாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. வேல்ஸ் நாட்டுப் பூர்வீகம் கொண்ட யேல் அந்நாட்டுப் புனிதரின் பெயரை வைத்தார் என்பர். சிறு வயதில் இறந்த அவருடைய மகன் பெயரும் டேவிட்தான்.

விற்பனையில் சுவையான பகுதி எல்லை குறித்தது. கோட்டையைச் சுற்றி பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமெல்லாம் வாங்குபவருக்கு என்பது பேச்சு. கம்பெனி இதற்கென்றே சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றை அனுப்பியது. எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம் என்றும் சொல்லி அனுப்பியது. செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் சிக்கின. அவற்றுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் நிலைத்தது. சங்கிலி பிடித்து அளந்திருந்தால் கம்பெனிக்கு இத்தனை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் இந்தக் கோட்டையின் நாள் வந்தது. இந்திய உடையில் மாறுவேடமிட்டுச் சென்னையிலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தரும் ஒருவர். பத்தாண்டுக்குள் அவரே இதன் ஆளுநரானார். இருபது கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு இக்கோட்டை கண்ணில் விழுந்த தூசி. 1746 டிசம்பரில் அவருடைய படை மஞ்சக்குப்பத்துத் தோட்ட மாளிகை வரை வந்துவிட்டது. ஆங்கிலேயருக்கு உதவ வந்த ஆர்க்காட்டு நவாபின் மகன்கள் திடீரென்று பாய்ந்து விரட்டினார்கள். 1748-இல் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒரு தந்திரம் செய்தார். கடலூர் நகரிலிருந்து படையையும் பீரங்கிகளையும் பகலில் எல்லாரும் பார்க்கும்படி கோட்டைக்குக் கொண்டுபோய், இரவில் ஓசையின்றித் திருப்பிக் கொண்டுவந்தார். காலியான நகரம் என்று நினைத்து மதிலேற வந்த பிரெஞ்சுப் படை குண்டு மழையில் சிதறியது. புதுச்சேரிப் பக்கத்தில் இந்த நாள்கள் எப்படி இருந்தன என்பதற்கு டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பே சாட்சி.

கோட்டையின் புதுமை நிலத்துக்கு அடியில் இருந்தது. அகழிக்கு வெளியே இருந்த சரிவின் கீழே சுற்றிலும் சுரங்கப்பாதை ஓடியது. அதிலிருந்து இடைவெளி விட்டுப் பிரிந்த கிளைகளின் முனைகளில் வெடிமருந்து அறைகள். முற்றுகையிடுபவர் நிற்கும் தரையையே வெடிக்க வைக்கும் ஏற்பாடு அது.

அதுவும் உதவவில்லை. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, உடனே கடலூர் மீது பாய்ந்தார். ஜூன் 2-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. லாலி அதன் அரண்களைத் தகர்க்கச் சொன்னார். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அந்த நகரத்தின் கோட்டையை மட்டுமின்றி மாளிகைகளையும் தரைமட்டமாக்கிக் கணக்கைத் தீர்த்தார்கள். தோற்ற லாலிக்கு 1766-இல் பாரிஸில் தலை போனது.

கோட்டை போன பிறகும் சண்டை ஓயவில்லை. மதில் இல்லாத இடத்தில் கோயில் மதில் அந்த வேலையைச் செய்தது. கர்நாடகப் போர்களில் சிதம்பரம் நடராசர் கோயில் மாறி மாறிப் படைமுகாமானது. 1781 ஜூன் 18-ஆம் தேதி, மைசூரின் ஹைதர் அலியின் காவல்படை இருந்த அந்தக் கோயிலை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்றுத் திரும்பினார். இரண்டு வாரத்தில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதரை வென்றார்.

1782-இல் கடலூர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமானது. மறு ஆண்டு ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் நகரை முற்றுகையிட்டார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி உள்ளிருந்து எதிர்த்தார். கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். இத்தனைக்கும் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. சேதி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆனது. 1785-இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது.

இன்று மதிலைத் தேடி இந்தப் பக்கம் வருபவர் சிதம்பரம் கோயிலின் வெளிச்சுற்றை ஒருமுறை படைவீரன் கண்ணோடு நடந்து பார்க்கலாம். முழுக் கோட்டையே வேண்டுமென்றால் இன்னும் தெற்கே தரங்கம்பாடி: 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலோரத்தில் நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகமும் உண்டு.