லாவன்ஹாமின் கோணல் வீடுகள்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து லாவன்ஹாமில் 15, 16ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகள் தெருத்தெருவாக நிற்பதைப் பார்ப்பவர்கள், பழமையைப் போற்றத் தெரிந்த ஊர் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. வீடுகளைக் கட்டியது கம்பளித் துணி வியாபாரம். காப்பாற்றியது அந்த வியாபாரத்தின் வீழ்ச்சி. நீலச் சாயமிட்ட கனத்த துணியால், 1524 வரிக் கணக்கில் நாட்டின் பெரும்பணக்கார ஊர்களில் ஒன்றாக இருந்தது லாவன்ஹாம். பணம் எல்லோர் கையிலும் இருந்ததா என்ன? மறு ஆண்டே எட்டாம் ஹென்றியின் போர் வசூலால் வேலையிழந்த நெசவாளர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பிறகு கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லிய, மலிவான துணி நெய்யத் தொடங்க, ஊர் நொடித்தது. இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டக் காசில்லை. ஈரம் காயாமல் அறுத்துப் பூட்டிய ஓக் சட்டங்கள் காயக்காய முறுக்கிக்கொண்டன. சுவர்கள் சாய்ந்தபடியே நின்றன.

பாதுகாப்புச் சட்டங்களும் பழங்கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பும் இல்லாவிட்டால் இவை மிஞ்சியிருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சட்டங்கள் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதுவரை வறுமைதான் காவல். ஊரின் பெருமையான கில்டு (சங்க) மண்டபமே சிறையாகவும் ஏழைகளின் வேலைவிடுதியாகவும் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் குதிரைமயிர் நெசவு பலருக்குக் கூலி தந்தது, வீட்டை மாற்றிக் கட்டும் அளவுக்கு அல்ல.