கரடியூர் காபியும் 44 குரோமோசோமும்

போன டிசம்பரில் ஏற்காடு போயிருந்தோம். ஏரிப் பக்கம் கூட்டம் தாங்கவில்லை. அதனால் கரடியூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சின்னக் காபித் தோட்டத்துக்குப் போய்விட்டோம். கூடவே என் மகள். பிளஸ் டூ. உயிரியல் ரிவிஷன் நோட்டு இல்லாமல் அந்த வருஷம் அவள் எங்கேயும் வரவில்லை.

பழுத்த பழம் ஒன்றைப் பிதுக்கிக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா என்ற கெத்தில் சொன்னேன்: "அராபிகாவுக்கு 44 குரோமோசோம். இந்தக் கொட்டையில் ஒவ்வொரு செல்லிலும் 44 இருக்கும்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "இல்லப்பா, 66."

நான் பி.இ. பள்ளி உயிரியல் எனக்கு மனப்பாடத்தோடு முடிந்த கதை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. நாம் வறுத்து அரைக்கும் காபிக்கொட்டையின் பெரும்பகுதி செடியின் கரு இல்லை, அந்தக் கருவுக்கான கட்டுச்சோறு, அதாவது கருவூண் திசு. பூக்கும் தாவரங்களில் கருவுறுதல் இரண்டு தடவை நடக்கிறது. மகரந்தக் குழாயில் வரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது: 22 + 22 = 44. இன்னொன்று, கருப்பையின் நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்கிறது: 22 + 22 + 22 = 66. மேலே இருக்கும் பார்ச்மென்ட் தோல் தாய்ச்செடியின் கனியுறை, அதில் 44. ஆக, ஒரே கொட்டையில் தாய், பிள்ளை, பிள்ளையின் சாப்பாடு, மூன்று கணக்கு. நாம் டிகாக்‌ஷன் இறக்கிக் குடிப்பது அந்தச் சாப்பாட்டை.

அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வேறொரு விஷயத்தில் போய் நின்றேன். காபிக் குடும்பத்தில் ரோபஸ்டா, லிபெரிகா எல்லாவற்றுக்கும் 22 குரோமோசோம்தான். அராபிகாவுக்கு மட்டும் ஏன் 44?

காரணம், அது ஒரு கலப்பு. ரோபஸ்டாவும் யூஜினியாய்டிஸ் என்ற ஆப்பிரிக்கக் காட்டுக் காபியும் பல லட்சம் வருஷங்களுக்கு முன் சேர்ந்து, இரண்டு பேருடைய முழு செட்டும் ஒரே செல்லில் தங்கிவிட்டது. இது அபூர்வமாக நடந்த சம்பவம். போதாததற்கு அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். இரண்டும் சேர்ந்தால், உலகத்து அராபிகா எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாடை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், எல்லா சர்வரிலும் ஒரே பாஸ்வேர்டு.

1820களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபியும், பாபா புதான் மெக்காவிலிருந்து திரும்பும்போது ஏழு விதைகளாக எடுத்து வந்தார் என்று கர்நாடகத்தில் சொல்கிற காபியும், அப்படிப்பட்டவைதான். கொஞ்சம் விதை, அதிலிருந்து பல ஆயிரம் ஏக்கர்.

அந்தப் பாஸ்வேர்டை உடைத்தது ஒரு பூஞ்சை. 1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் தெரிய வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி, பிறகு இலை உதிர்வு, பிறகு மொட்டைக் கிளை. இருபது வருஷத்துக்குள் இலங்கை காபியை விட்டுத் தேயிலைக்குப் போனது. நம் பக்கத்து மலைகளையும் அது விடவில்லை.

மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற தோட்டக்காரர், 1911 வாக்கில் தன் தோட்டத்தில் துரு பிடிக்காத செடியைப் பார்த்து அதன் விதையைப் பரப்பினார். பெயரே கென்ட்ஸ். மெண்டலின் பட்டாணிக் கணக்கை உலகம் மறுபடி கண்டெடுத்து அப்போது பத்துப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. கென்ட்ஸும் நிலைக்கவில்லை. பூஞ்சையில் புது ரகம் வந்தது, அது கென்ட்ஸையும் தின்றது.

அடுத்த உதவி லிபெரிகாவிடமிருந்து. லிபெரிகாவின் மகரந்தத்தில் 11, அராபிகாவின் முட்டையில் 22, சேர்ந்தால் 33. இங்கேதான் குன்றல் பகுப்பு மண்டையில் உறைக்கிறது. மைட்டாசிஸுக்கு 33 ஒரு பிரச்னையே இல்லை. நகல் எடுத்துப் பிரித்துக்கொண்டே போகும், செடி ஜம்மென்று வளரும். மகரந்தமும் முட்டையும் உண்டாக்கும்போதுதான் குரோமோசோம்கள் ஜோடி தேட வேண்டும். 33-ல் ஜோடி சரியாக அமையாது. பூ பூக்கும், காய் பெயருக்குத்தான்.

தப்பிக்க ஒரு வழி, தப்பு நடப்பது. 22 குரோமோசோம் உள்ள செடியில் எப்போதாவது குன்றல் பகுப்பு குன்றாமல் போய், 11-க்குப் பதில் 22-உம் உள்ள மகரந்தம் வந்துவிடும். அது அராபிகா முட்டையில் சேர்ந்தால் 44. காய்க்கும், சந்ததி உண்டு. 1927-ல் திமோர் தீவில் கண்டெடுத்த அராபிகா-ரோபஸ்டா கலப்பை இப்படித்தான் விளக்குகிறார்கள். பள்ளியில் "பிழை" என்று ஒரு வரியில் தாண்டிப் போன விஷயம் இது.

கர்நாடகத்தில் தானாக உண்டான 44 குரோமோசோம் அராபிகா-லிபெரிகா கலப்புக்கு எஸ்.26 என்று பெயர். அதன் வழி வந்த எஸ்.288-ஐக் கென்ட்ஸோடு சேர்த்து, பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியதுதான் எஸ்.795. 1940களின் நடுவில் வெளியே வந்து இந்திய மலைகளையெல்லாம் நிரப்பியது. அதைக் காத்தது லிபெரிகாவிலிருந்து வந்த ஒரே ஓங்கு ஜீன். அந்த ஒன்றையும் தாண்டப் பூஞ்சை பிறகு கற்றுக்கொண்டது. திமோர் வழியில் வந்த காவேரி 1985-லும் சந்திரகிரி 2007-லும் வந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பல ஜீன்கள். பூஞ்சைக்கு வேலை அதிகம், அவ்வளவே.

மறுநாள் காலை மறுபடி தோட்டத்துக்குப் போனோம். மகள் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வரிசையில் ஆரஞ்சுப் பொடி.

"அது 795 பாப்பா. எங்க அப்பா வச்சது."

"புடுங்கிட்டுப் புதுசு வைக்கலாமே?" என்று கேட்டேன்.

"வச்சா மூணு நாலு வருஷம் காய் இல்ல சார். அதுவரைக்கும் மிளகு மட்டும் வச்சிக்கிட்டு என்ன பண்ண? தண்டுத் துளைப்பான் வேற. அதுக்கு எந்த ரகமும் ஒண்ணுதான்." பக்கத்து வரிசையைக் காட்டினார். "அது சந்திரகிரி, துரு கம்மி. ஆனா நான் குடிக்கிறது 795 தான்."

வீட்டுக்கு அரைக் கிலோ கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மகள் பொட்டலத்தின் மேல் பேனாவால் 66 என்று எழுதி வைத்தாள்.