தோட்ட வாரியம்

அணுபுரம் மாதிரி ஒரு குடியிருப்பில் பூங்காவைப் பேண நாலு பேர் சேர்ந்தால் 'கார்டன் கிளப்' என்றுதான் வாய்க்கு வருகிறது. தமிழில் வேண்டுமென்றால் 'தோட்டக்கலை மன்றம்' என்போம். ஆனால் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய உத்திரமேரூரில் இதற்கு ஒரு பெயர் ஆயிரத்து நூறு ஆண்டாகக் கல்லில் கிடக்கிறது. தோட்ட வாரியம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளில் இருக்கிறது அது. பெயரெழுதிய ஓலையைக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை என்றதும் எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். பள்ளிப் பாடத்தில் குடமும் ஓலையும் நிற்கின்றன, தோட்டம் விடுபட்டுப் போகிறது. குடும்பு என்ற ஊர்ப் பிரிவுக்கு ஒருவராக 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். மீதியில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. ஏரியை நம்பிப் பிழைத்த ஊர் தோட்டத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆள் வைத்திருக்கிறது! தோட்டம் பார்த்துத் தேறியவரிடம் ஊர்ப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அந்த ஓலையில் இடம். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். 'வாரி' என்றால் நீர், வருவாய், விளைவு. ஏரி வாரியத்தை மட்டும் பார்த்தால் நீரிலிருந்து வந்த சொல் என்று தோன்றும். பக்கத்திலேயே பொன் வாரியமும் இருக்கிறதே! பொன்னை மாற்றுப் பார்ப்பதற்கும் ஏரி நீருக்கும் என்ன உறவு? தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பொருளுள்ள வடசொல்லோடு இதைச் சேர்ப்பவர்களும் உண்டு.

எனக்கு வேரைவிட வினைதான் முக்கியமாகப் படுகிறது. கல்வெட்டில் வாரியம் 'செய்வது'. ஏர் உழுவதுபோல, காவல் காப்பதுபோல, ஒருவர் வாரியம் செய்தார். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். 360 நாள் செய்துவிட்டு இறங்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனால் அவர் பெயர் மட்டுமல்ல, உறவினர் பெயரும் குடத்தில் விழாது.

1957இல் மின்சார வாரியம், 1961இல் வீட்டுவசதி வாரியம். 'போர்டு' என்பதற்கு இந்தச் சோழர்காலச் சொல்லே வந்து உட்கார்ந்தது. நல்ல தேர்வுதான். ஆனால் வாரியம் அன்று முதல் அலுவலகமாகிவிட்டது. அதில் வேலை கிடைக்கும், அதற்குப் பணம் கட்டலாம், அதன் வாசலில் காத்திருக்கலாம். அதைச் செய்ய முடியாது. பேச்சில் அந்தச் சொல்லும் இல்லை, 'ஈபி', 'ஹவுசிங் போர்டு' என்றுதான் சொல்கிறோம்.

அணுபுரத்தில் மாலையில் வாளியோடு வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவரை "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "தோட்ட வாரியம் செய்யப் போறேன்" என்று அவர் சொல்லலாம். பிழையில்லாத தமிழ் அது. பக்கத்து ஊர் அப்படித்தான் சொன்னது.