ஜிஹேஷ்டேபிள்

ஜிஹேஷ்டேபிள் என்பது சி மொழிக்கான ஜிலிப் நிரலகத்தில் உள்ள பொதுவகை ஹேஷ் அட்டவணை. ஒரு சாவியைக் கொடுத்தால், அதனோடு சேர்த்து வைத்திருக்கும் மதிப்பைத் திருப்பித் தரும். அட்டவணையில் நூறு பதிவுகள் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் தேட ஆகும் நேரம் சராசரியாக ஏறக்குறைய மாறாது. கிம்ப் என்ற பட மென்பொருளுக்காக ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிசும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது உருவாக்கிய ஜிடிகே கருவித்தொகுப்பிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஜிலிப். இன்று க்னோம் மேசைத்தளமும் இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்களும் அதன்மேல் நிற்கின்றன.

சி மொழியின் செந்தர நிரலகத்தில் ஹேஷ் அட்டவணையே கிடையாது. போசிக்ஸ் தரத்தில் எச்சர்ச் என்ற ஒன்று உண்டு. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு அட்டவணைதான் வைத்துக்கொள்ள முடியும், சாவியும் எழுத்துச் சரமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பெரிய நிரலுக்கு அது போதாது. ஜிலிப் எந்த வகைத் தரவையும் ஏற்பதற்கு எளிய வழி ஒன்றைப் பிடித்தது: சாவி, மதிப்பு இரண்டையுமே வகையற்ற பாயிண்டர்களாக, அதாவது வெறும் நினைவக முகவரிகளாக, வைத்துக்கொள்கிறது. அந்த முகவரியில் இருப்பது சரமா, எண்ணா, கட்டமைப்பா என்பது அட்டவணைக்குத் தெரியாது. இதன் பலமும் இதனால் வரும் தொல்லைகளில் பெரும்பங்கும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

சாவியை ஓர் எண்ணாக மாற்றி, அதைக் கொண்டு பதிவின் இடத்தைத் தீர்மானிக்கும் ஹேஷிங் முறை ஜிலிப்பைவிட மிகப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953ல் எழுதிய உள்குறிப்பில் அது இடம்பெற்றது. ஒரே இடத்துக்கு வந்து மோதும் பதிவுகளுக்கு அடுத்த காலி இடத்தைத் தேடும் திறந்த முகவரி முறையை அதே காலத்தில் ஜீன் அம்டால் உள்ளிட்ட ஐபிஎம் பொறியாளர்கள் கையாண்டார்கள். ஜிஹேஷ்டேபிளும் முதலில் மோதும் பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்தது, பின்னர் திறந்த முகவரி முறைக்கு மாறியது. சாவியின் ஹேஷ் எண்ணை ஒரு பகா எண்ணால் வகுத்து, மீதியைத் தொடக்க அறையாகக் கொள்கிறது. அந்த அறை நிரம்பியிருந்தால் ஓர் அறை, அங்கிருந்து இரண்டு, பிறகு மூன்று எனத் தாவித் தேடுகிறது. 0, 1 என்ற இரண்டு ஹேஷ் எண்களும் ‘காலி அறை’, ‘அழிக்கப்பட்ட அறை’ என்பவற்றைக் குறிக்க ஒதுக்கப்பட்டவை. நிரம்பினால் அட்டவணை தானே பெரிதாகும், மிகவும் காலியானால் சுருங்கும். பயன்படுத்துபவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அவர் கொடுக்க வேண்டியவை இரண்டு செயற்கூறுகள். ஒன்று சாவியிலிருந்து ஹேஷ் எண்ணைக் கணக்கிடுவது; மற்றொன்று இரு சாவிகள் சமமா என்று சொல்வது. சமமான சாவிகளுக்கு ஹேஷ் எண்ணும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்பது மீறக்கூடாத ஒப்பந்தம். சரங்களுக்கு ஜி_ஸ்ட்ர்_ஹேஷ், ஜி_ஸ்ட்ர்_ஈக்வல் என்ற இணையை ஜிலிப்பே தருகிறது. முழு எண்களுக்கு இரு வழிகள் உண்டு, தடுக்கி விழுவது இங்கேதான். ஜி_இன்ட்_ஹேஷ் என்பது எண் இருக்கும் முகவரியை எதிர்பார்க்கும். ஜி_டைரக்ட்_ஹேஷ் பாயிண்டரையே எண்ணாகக் கொள்ளும். ஜிஇன்ட்_டு_பாயிண்டர் மேக்ரோவால் 5 என்ற எண்ணைப் பாயிண்டருக்குள் அடைத்துவிட்டு ஜி_இன்ட்_ஹேஷைக் கொடுத்தால், நிரல் 5ஆம் முகவரியைப் படிக்கப் போய் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

ஜி_ஸ்ட்ர்_ஹேஷின் கணக்கு டேனியல் பெர்ன்ஸ்டைனின் பெயரால் அறியப்படுவது. 5381ல் தொடங்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் இதுவரை வந்ததை 33ஆல் பெருக்கி அந்த பைட்டைக் கூட்டுகிறது. வேகமானது, ஆனால் எளிதில் மோதக்கூடியது. ஆங்கிலச் சிறிய ஏவின் குறியீடு 97, சிறிய பியின் குறியீடு 98. ‘ஏபி’ என்ற சரம் சேர்க்கும் தொகை 97 × 33 + 98 = 3299. இப்போது சிறிய பியையும் அதன்பின் 65 என்ற குறியீடு கொண்ட பெரிய ஏவையும் எடுத்தால், 98 × 33 + 65, அதுவும் 3299. இந்த இரண்டு துண்டுகளையும் விருப்பம்போல் பத்து முறை அடுக்கினால் 20 எழுத்து நீளமுள்ள 1024 வெவ்வேறு சரங்கள் கிடைக்கும்; அத்தனைக்கும் ஒரே ஹேஷ் எண். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் அலெக்சாண்டர் க்ளிங்க், ஜூலியன் வேல்டே இருவரும் இந்த வகை மோதல்களைக் கொண்டு வலைச் சேவையகங்களை முடக்கிவிட முடியும் என்று காட்டினார்கள். அதன்பின் பல மொழிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும் ரகசிய எண்ணை, அதாவது விதையை, ஹேஷ் கணக்கில் சேர்த்துக்கொண்டன. ஜி_ஸ்ட்ர்_ஹேஷில் அத்தகைய விதை இல்லை. ஆகவே முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் சரங்களைச் சாவியாக்கும் சேவையகத்தில் இதை அப்படியே பயன்படுத்துவது தவறு. சொந்த ஹேஷ் செயற்கூறை எழுதிக் கொடுக்க இடம் இருக்கிறது, கொடுக்க வேண்டும்.

தமிழ்ச் சரங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இந்தச் செயற்கூறுகள் பார்ப்பது பைட்டுகளை, எழுத்துகளை அல்ல. ‘கொடி’ என்ற சொல்லின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யுடிஎஃப்-8ல் முதல் வடிவம் 12 பைட், இரண்டாவது 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அட்டவணைக்கோ அவை இரு வேறு சாவிகள். பெயர்ப் பட்டியலிலோ அகராதியிலோ ஒரே சொல் இருமுறை வந்து நிற்கும்போது நிரலர் மணிக்கணக்கில் தேடுவது இதைத்தான். சாவியை உள்ளே இடுமுன்பும் தேடுமுன்பும் ஜி_யுடிஎஃப்8_நார்மலைஸ் வழியாக அனுப்பிவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஜிஹேஷ்டேபிளைக் கற்பவர் உண்மையில் கற்க வேண்டியது ஹேஷிங்கை அல்ல, உடைமையை: உள்ளே வைத்த நினைவகத்தை யார் விடுவிப்பது என்பதை. அட்டவணை சரத்தை நகலெடுப்பதில்லை, அதன் முகவரியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஒரு கோப்பை வரி வரியாகப் படித்து ஒவ்வொரு வரியையும் சாவியாக இடும் நிரலை எடுத்துக்கொள்வோம். படிப்பதற்கு ஒரே இடையகத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. முதல் வரி ‘நெல்’, இரண்டாவது ‘உளுந்து’. இரண்டும் வெவ்வேறு ஹேஷ் எண்களோடு வெவ்வேறு அறைகளில் அமர்கின்றன, பதிவுகளின் எண்ணிக்கையும் 2 என்று சரியாகவே காட்டுகிறது. ஆனால் இரண்டு சாவிகளும் சுட்டுவது ஒரே இடையகத்தை, அதில் இப்போது இருப்பது ‘உளுந்து’. ‘நெல்’ என்று தேடினால் ஹேஷ் எண் பொருந்தும், சரிபார்க்கப் போனால் அங்கே ‘உளுந்து’ இருக்கும், எனவே கிடைக்கவில்லை என்று பதில் வரும். எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதுதான் இதில் மோசமானது. ஒவ்வொரு வரியையும் ஜி_ஸ்ட்ர்டப் கொண்டு நகலெடுத்து இட்டால் இது தீரும்.

நகலெடுத்ததை யாராவது விடுவிக்க வேண்டுமே. அதற்குத்தான் ஜி_ஹேஷ்_டேபிள்_நியூ_ஃபுல் இருக்கிறது. அட்டவணையை உருவாக்கும்போதே சாவிக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று என இரண்டு விடுவிப்புச் செயற்கூறுகளை அதனிடம் ஒப்படைத்துவிடலாம். ஒரு பதிவை நீக்கினாலும் அட்டவணையே முடிவுக்கு வந்தாலும் அவை தாமே அழைக்கப்படும். விடுவிக்காமல் பதிவை மட்டும் வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஸ்டீல் என்ற தனிச் செயற்கூறு உண்டு.

பதிவை இடும் இன்செர்ட், ரீப்ளேஸ் என்ற செயற்கூறுகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும். சாவி ஏற்கெனவே இருக்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். இன்செர்ட் பழைய மதிப்பை விடுவிக்கும், பழைய சாவியை வைத்துக்கொண்டு புதிதாக வந்த சாவியை விடுவிக்கும். ரீப்ளேஸ் பழைய சாவியையும் விடுவித்துப் புதியதை அமர்த்தும். மதிப்பு ஒரு மாணவர் பதிவு, சாவி அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்செர்ட் செய்தால் பழைய பதிவு போய்விடும், அட்டவணையில் தங்கும் பழைய சாவியோ விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டும். சாவி மதிப்புக்குள் இருக்கும் இடங்களிலெல்லாம் ரீப்ளேஸ்தான் சரி.

தேடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தேடும் செயற்கூறான லுக்கப் எதையும் காணாவிட்டால், எதையும் சுட்டாத நல் பாயிண்டரைத் தரும். சேமித்த மதிப்பே நல்லாக இருந்தாலும் அதையேதான் தரும். சொற்களை எண்ணும் நிரலில் எண்ணிக்கையைப் பாயிண்டருக்குள் அடைத்திருந்தால் 0 என்பதும் நல் என்பதும் ஒன்றே. ‘இருக்கிறதா?’ என்று மட்டும் அறிய ஜிலிப்பின் 2.32ஆம் பதிப்பில் வந்த கன்டெய்ன்ஸ் போதும். அதே பதிப்பில் வந்த ஆட், சாவியையே மதிப்பாகவும் இட்டு அட்டவணையைக் கணமாக மாற்றுகிறது. எல்லாப் பதிவுகளும் அப்படியே இருந்தால் மதிப்புகளுக்கென்று தனி வரிசை ஒதுக்காமல் நினைவகத்தை மிச்சப்படுத்துவது இதன் அழகான உள்வேலை.

பதிவுகளைச் சுற்றிவர ஃபோர்ஈச்சும் ஜிஹேஷ்டேபிள்ஐட்டரும் இருக்கின்றன. வரும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை, அகர வரிசை வேண்டுமானால் சாவிகளை எடுத்துத் தனியே அடுக்க வேண்டும். சுற்றிவரும்போதே அட்டவணையை மாற்றக் கூடாது. நீக்க வேண்டுமானால் ஐட்டரின் சொந்த நீக்கலையே பயன்படுத்த வேண்டும். பல இழைகள் ஒரே அட்டவணையைத் தொடும் நிரலில் பூட்டும் பொறுப்பு முழுவதும் நிரலருடையது, அட்டவணை தன்னைத்தானே காத்துக்கொள்ளாது.

வாலா மொழியில் எழுதுபவர்களுக்கு இந்தச் சுமை மிகக் குறைவு. அங்கே ஹேஷ்டேபிள் என்ற வகுப்பாக வருவது இதே ஜிஹேஷ்டேபிள்தான். சாவி, மதிப்பு ஆகியவற்றின் வகைகளைச் சொல்லிவிட்டால் பொருத்தமான விடுவிப்புச் செயற்கூறுகளை மொழிமாற்றியே சேர்த்துவிடுகிறது. பைஜிஆப்ஜெக்ட் என்ற இணைப்பு நிரலகம் வழியாக பைத்தானுக்குப் போகும்போது அட்டவணை அம்மொழியின் சாதாரண டிக்ட் ஆகவே மாறிவிடுகிறது.