மலைதான் டெஸ்டிங் லேப்!

பிரேக் பிடித்தால் புகை வரும் சைக்கிளைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி என்ற பகுதியில் ஒரு கூட்டம் அப்படிப்பட்ட சைக்கிள்களில்தான் மலை இறங்கிக்கொண்டிருந்தது. ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய ஒரு மண் பாதை. நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம்! வண்டியில் இருந்ததோ பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பழைய கோஸ்டர் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகிவிடும். பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ரவுண்டு. இப்படி மறுபடி அடைப்பதற்கு அவர்கள் ஊரில் 'ரீபேக்' என்று பெயர். அந்தப் பாதைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். காரணம் ரொம்ப எளிது... விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர்கள் ஓட்டிய வண்டி எதுவும் புதிதல்ல. 1930, 40களில் ஷ்வின் கம்பெனி செய்த, 26 இன்ச் குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள்கள். பேப்பர் போடும் பையன்களுக்காகச் செய்தது. ஜோ பிரீஸ் என்ற இளைஞர் 1941 மாடல் ஒன்றை 1973-ல் வெறும் 5 டாலருக்கு வாங்கினார். தேவையில்லாத தகரத்தை எல்லாம் கழற்றி எறிந்தாலும் இந்த வண்டிகளின் எடை 20 கிலோவைத் தாண்டும். ஃபோர்க் வளையும், ஃபிரேம் உடையும். உடைந்தால் வேறு ஒரு பழைய ஃபிரேமைத் தேட வேண்டும். பழைய ஃபிரேம்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்தன. பல வருடத்துக்கு முன் நிறுத்திய சரக்கை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ரீபேக் போட்டியின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி, மேலேயும் கீழேயும் கடிகாரம் வைத்து நேரம் குறிப்பார்கள். சார்லி கெல்லி என்பவர்தான் போட்டியை நடத்தி, கணக்கு நோட்டும் வைத்திருந்தார். அதே பாதை, அதே ஆள், வேறு வண்டி... நேரம் குறைந்ததா, கூடியதா? போட்டி என்ற பெயரில் அவர்களுக்குத் தெரியாமலே ஒரு சோதனைக்கூடம் உருவாகிவிட்டது. அங்கே ஃபிரேம் உடைந்தால் ரிப்போர்ட்டில் சிவப்பு மை விழாது. பல் போகும், தோள்பட்டை போகும்.

இந்தச் சோதனையில் முதலில் தோற்றது புதுச் சரக்குதான் என்பது வேடிக்கை. மலைக்கென்றே ஒரு ஃபிரேம் வேண்டுமென்று கெல்லி 1976-ல் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினார். கொஞ்ச நாளில் பாகங்களைக் கழற்றி மறுபடி பழைய ஷ்வினிலேயே மாட்டிவிட்டார்! அடுத்து அவர் போய் நின்றது ஜோ பிரீஸிடம். பிரீஸ் ஃபிரேம் கட்டும் வித்தையை 1974-ல் ஆல்பர்ட் ஐசன்ட்ராட் என்ற தேர்ந்த கைவினைஞரிடம் கற்றவர். ரோடு ரேஸ் சைக்கிள் கட்டியவர். எல்லாவற்றையும் விட, ரீபேக்கில் நடந்த மொத்தம் 24 போட்டிகளில் 10-ல் ஜெயித்தவர். அதாவது செய்பவரும் அவரே, ஓட்டுபவரும் அவரே, தப்பு நடந்தால் விழப்போகிறவரும் அவரே.

1977-ல் முதல் 'பிரீஸர்' தயாரானது. 4130 குரோம்-மாலி எஃகுக் குழாய், விமானங்களுக்குப் பயன்படும் ரகம். மேலே பளபளவென்று நிக்கல் பூச்சு. பழைய ஷ்வினிலிருந்து ஒரு பாகம்கூட எடுக்காமல் முழுக்கப் புதிதாகக் கட்டிய வண்டி. எடை சுமார் 17 கிலோ. ரீபேக்கில் இறங்கிய முதல் போட்டியிலேயே ஜெயித்தது. 1978-க்குள் இன்னும் ஒன்பது கட்டினார். மொத்தம் பத்து, விலை 750 டாலர்.

அந்த ஃபிரேமில் ஒரு விசேஷம் உண்டு. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதியிலிருந்து பின் சக்கரம் வரை இரண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள் குறுக்காக ஓடும். ஃபிரேம் முறுக்கிக்கொள்ளக் கூடாது, உடையக் கூடாது என்பதற்கான கூடுதல் பந்தோபஸ்து. இதை வெறும் டிசைனாகப் பார்க்கக் கூடாது. அளந்து பார்க்க மெஷின் இல்லாத சின்னப் பட்டறை, சந்தேகத்தை எடையாகத்தான் கட்டும். எவ்வளவு பலம் போதும் என்று தெரியாதபோது கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிடுவது. நம்ம ஊர்க் கொத்தனார் பயந்து ஒரு கம்பி கூடப் போடுவது மாதிரி!

1979-ல் டாம் ரிட்சி இந்த வண்டியைப் பார்த்தார். அவர் பள்ளி நாட்களிலிருந்தே ஃபிரேம் கட்டுபவர், அதுவும் படுவேகமாக. அந்தப் பக்கக் குழாய்கள் இல்லாமலேயே, பருமனான குழாய்களை வைத்துக் கட்டினார். பொதுவாக சைக்கிள் குழாய்களை 'லக்' என்ற உலோக உறைக்குள் செருகி இணைப்பார்கள். கடையில் கிடைத்த லக் எல்லாம் ரோடு சைக்கிளின் அளவுக்கும் கோணத்துக்கும் வார்த்தவை. இந்தக் குழாய்க்குப் பொருந்தாது. அதனால் மூட்டுகளைப் பித்தளை உருக்கி நேரடியாகப் பற்றவைத்து, அரத்தால் வழவழப்பாக்கினார். உறை இல்லாததால் எந்தக் குழாயையும் எந்தக் கோணத்திலும் சேர்க்கலாம். அடுத்த வண்டியில் கோணத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமா, அன்றைக்கே மாற்றிவிடலாம். பெரிய ஃபேக்டரியால் இது முடியாத காரியம்.

ரிட்சி கட்டினார், ஆனால் விற்க ஆள் இல்லை. சார்லி கெல்லியும் கேரி ஃபிஷரும் கையிலிருந்த சில நூறு டாலர்களைப் போட்டு 1979-ல் 'மவுண்டன்பைக்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். (ரீபேக்கின் சாதனை நேரமான 4 நிமிடம் 22 விநாடி இந்த ஃபிஷருடையதுதான்.) விலை சுமார் 1,300 டாலர். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு அது பயங்கர விலை!

பிறகு நடந்தது காமர்ஸ் புத்தகத்தில் போட வேண்டிய பாடம். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ரிட்சியின் வண்டியை அடிப்படையாக வைத்து 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மாடலை ஜப்பானில் செய்து இறக்கியது. விலை 750 டாலர். கிட்டத்தட்ட பாதி! கெல்லியும் ஃபிஷரும் 'மவுண்டன் பைக்' என்ற பெயரையாவது டிரேட்மார்க் ஆக்க முயன்றார்கள், கிடைக்கவில்லை. அது ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல் ஒரு வகைச் சைக்கிளின் பெயராகவே ஆகிவிட்டது. 1983-ல் கூட்டுத் தொழில் பிரிந்தது. ஃபிஷர் தனியாக நடத்திய கம்பெனி 1993-ல் டிரெக் கைக்குப் போனது. பிரீஸர் பிராண்டும் 2008-ல் கை மாறியது.

இதில் ஸ்பெஷலைஸ்டைத் திருடன் என்று திட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. பத்து ஃபிரேம் கட்டுபவருக்கு அதை ஓட்டப்போகும் பத்துப் பேரையும் தெரியும். யார் எவ்வளவு எடை, யார் முரட்டுத்தனமாக ஓட்டுவார் என்று தெரியும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு விற்கும்போது அந்த அறிவு உதவாது. மலை ஒரு ஃபிரேமின் முரட்டு அடியைச் சோதிக்கும். மெதுவாக வளரும் விரிசலைக் காட்ட அதற்கு வருஷக்கணக்கில் நேரம் வேண்டும். உலோகம் ஒரே அடியில் மட்டும் உடைவதில்லை. சின்னச் சின்ன விசை லட்சம் தடவை விழுந்து, களைத்தும் உடையும்.

அதற்கான மெஷின் சோதனை பின்னால் வந்தது. 2005-ல் ஐரோப்பா மலை சைக்கிளுக்கென்று கொண்டுவந்த இஎன் 14766 தரவிதியின்படி, ஃபிரேமை இறுக்கிப் பிடித்து, பெடல் மேல் 1,200 நியூட்டன் விசையை மாற்றி மாற்றி 1,00,000 தடவை கொடுக்க வேண்டியிருந்தது. சுமார் 120 கிலோ ஆள் ஒவ்வொரு மிதியிலும் ஏறி நிற்பது மாதிரி. விரிசல் விட்டால் ஃபெயில். சின்னப் பட்டறைகளில் பலருக்கு இந்த மெஷின் கட்டுப்படியாகாது. வெளி லேபுக்கு அனுப்பி, காசு கொடுத்து, நன்றாக இருக்கும் ஃபிரேமைப் பாழாக்கிப் பார்க்க வேண்டும். பத்தே ஃபிரேம் கட்டுபவருக்கு அதில் ஒன்று போனால் பத்து சதவீதம் போச்சு!

பிரீஸர் நம்பர் 1 அப்படி எந்த மெஷினிலும் ஏறாமலே தப்பித்தது. 2012-ல் வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது, அந்த இரண்டு கூடுதல் குழாய்களோடு.