வீடியோ, குரல் பதிவுகளை வழக்கு மனுவில் எப்படிக் குறிப்பிடுவது?

இன்று குடும்பப் பிரச்சினையானாலும் சொத்துத் தகராறானாலும் ஜமாஅத்தில் முதலில் கேட்கும் வார்த்தை, "எல்லாம் என் ஃபோன்ல இருக்கு" என்பதுதான். நிக்காஹ் மேடையில் மஹர் தொகையைச் சொன்ன வீடியோ, கணவர் அனுப்பிய குரல் பதிவு, கடை வாசலில் நடந்த கைகலப்பைப் பிடித்த சிசிடிவி காட்சி என்று ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை நீதிமன்றத்துக்குப் போகும்போது மனுவில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "வீடியோ ஆதாரம் பென் டிரைவில் இணைக்கப்பட்டுள்ளது." எந்த வீடியோ, யார் எடுத்தது, எந்த ஃபோனில் எடுத்தது, அதில் எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்ற எதுவும் இருக்காது. இந்த ஒரு வரியை நம்பி வழக்குக்குப் போகலாமா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கிறோம்.

நம் அண்டை மாநிலத்து வழக்கு ஒன்று இதற்கு நல்ல பாடம். 2011 கேரள சட்டமன்றத் தேர்தலில் மலப்புறம் மாவட்டம் ஏறநாடு தொகுதியில் பி.கே.பஷீர் வென்றார். தோற்ற பி.வி.அன்வர், தன்னைப் பற்றி அவதூறான பேச்சுகளும் பாடல்களும் அறிவிப்புகளும் பிரச்சாரத்தில் ஒலிபரப்பப்பட்டன என்று கூறி, தேர்தல் செல்லாது என அறிவிக்கக் கோரினார். ஆதாரமாக சி.டி.க்களைக் கொடுத்தார். அந்தப் பேச்சுகளும் பாடல்களும் வேறு கருவிகளில் பதிவு செய்யப்பட்டு, கணினிக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து சி.டி.யாக எடுக்கப்பட்டவை. அவற்றுடன் இந்திய சாட்சியச் சட்டம் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லை. 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சான்றிதழ் இல்லாத அந்த சி.டி.க்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிரச்சாரத்தில் ஒலிபரப்பப் பயன்பட்ட மூல சி.டி.க்களையே கைப்பற்றிக் கொண்டுவந்திருந்தால் அவற்றை நீதிமன்றத்திலேயே போட்டுக் கேட்டிருக்கலாம் என்றும் தீர்ப்பில் சொல்லப்பட்டது. பதிவில் இருந்தது உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் போகும் முன்பே கதவு மூடிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் தீர்ப்பு, சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்று சொல்லியிருந்தது. அன்வர் வழக்கு அதை மாற்றியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்து இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தியது. ஒன்று, பதிவு செய்த அதே ஃபோனை அதன் உரிமையாளரே கொண்டுவந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. நகலுக்குத்தான் சான்றிதழ். இரண்டு, கருவி அடுத்தவர் கையில் இருந்து, நாம் கேட்டும் அவர் சான்றிதழ் தர மறுத்தால், அதைத் தரும்படி உத்தரவிட நீதிமன்றத்தை அணுகலாம். அப்படியானால் நாம் கேட்டதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் நம்மிடம் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. 65பி இப்போது 63-ஆம் பிரிவு. (அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும்.) சான்றிதழின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே தரப்பட்டுள்ளது. 'அ' பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவரும், 'ஆ' பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கருவியின் நிறுவனம், மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண் ஆகியவற்றோடு ஹேஷ் மதிப்பையும் படிவம் கேட்கிறது. ஹேஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்றது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரிசை கிடைக்கும். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த வரிசை முழுவதும் மாறிவிடும்.

இதனால்தான் வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவை ஃபார்வர்டு செய்துவிட்டு, ஃபோனிலிருந்து அழித்துவிடுவது பெரிய தவறு. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. போய்ச் சேர்வது வேறொரு கோப்பு, அதன் ஹேஷும் வேறு. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் அப்படியே.

இனி மனுவில் எழுதும் முறைக்கு வருவோம். ஒரு சகோதரிக்குக் கணவர் குரல் பதிவில் தலாக் அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உடனடி முத்தலாக்கை, வாய்ச் சொல்லாலோ எழுத்தாலோ மின்னணு வடிவிலோ சொன்னாலும், செல்லாது என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அந்தச் சட்டம் குறிப்பது உடனடியான, மீட்க முடியாத தலாக்கை. ஆகவே அவர் அந்தச் சொல்லை ஒரு முறை சொன்னாரா, மூன்று முறை சொன்னாரா, "சொல்லிவிடுவேன்" என்று மிரட்டினாரா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. "கணவர் வாட்ஸ்அப்பில் தலாக் சொன்னார், ஆடியோ இணைப்பு" என்று எழுதினால் இது எதுவும் தெரியாது. இப்படி எழுதலாம்:

"10.03.2025 இரவு 9.42 மணிக்கு எதிர்மனுதாரர் தமது கைப்பேசி எண்ணிலிருந்து மனுதாரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிய குரல் பதிவு, மொத்த நீளம் 1 நிமிடம் 26 விநாடி, குறிப்பிடும் பகுதி 0:41 முதல் 0:53 வரை, சான்றாவணம் 4. எழுத்து வடிவம் சான்றாவணம் 5, பக்கம் 22. 63(4) பிரிவுச் சான்றிதழ் சான்றாவணம் 6."

இரு கைப்பேசி எண்களையும், கோப்பின் பெயரை ஃபோனில் உள்ளபடியே ஓர் எழுத்தும் மாற்றாமலும் சேர்க்க வேண்டும். "சான்று ஒன்று" என்று நாமாகப் பெயர் மாற்றி வைத்தால் எது மூலம் என்ற குழப்பம் வரும். நீதிபதி 41-ஆவது விநாடிக்கு நேராகப் போய்க் கேட்கும்படி எழுதினால் போதும்.

எழுத்து வடிவத்தில் பேசியது பேசியபடியே இருக்க வேண்டும். காயல்பட்டினத்துப் பேச்சோ மதுரைப் பேச்சோ, அதைச் செந்தமிழாக்கத் தேவையில்லை. வசைச் சொற்களைக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதும் கூடாது. கேட்காத இடத்தில் "கேட்கவில்லை" என்று குறித்துவிடுங்கள், ஊகித்து நிரப்பினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். குரல் இன்னாருடையது என்று அடையாளம் சொல்லக்கூடியவர் யார் என்பதையும் மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது. குரல் அடையாளம், திருத்தம் செய்யப்படாமை, தெளிவாகக் கேட்பது, பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது ஆகியவற்றை ஒலிநாடாக் காலத்திலேயே, 1985-இல், ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திவிட்டது.

யூடியூபில் வந்த வெறுப்புப் பேச்சு போன்றவற்றுக்கு சேனலின் பெயர், வீடியோவின் தலைப்பு, பதிவேற்றிய தேதி, முழு இணைய முகவரி, நாம் பார்த்த தேதி, நிமிடக் குறி ஆகியவை வேண்டும். புகார் போனதும் வீடியோ நீக்கப்பட்டுவிடலாம். அதற்கு முன்பே பதிவிறக்கி ஹேஷ் எடுத்து வைக்க வேண்டும்.

தெரியாமல் பதிவு செய்தது செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். பதிவு செய்த விதம் சரியில்லை என்பதற்காக மட்டும் அது தள்ளப்படுவதில்லை என்பது 1973 மல்கானி வழக்கு முதல் இருந்துவரும் நிலை. மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடலையும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விவாகரத்து வழக்கில் அனுமதித்தது. அதற்காகப் படுக்கையறையில் கேமரா வைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தனிக் குற்றமாகிவிடும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் அடையாளம் தெரியும் வீடியோவை "நீதி கேட்டு" குரூப்பில் போடுவதும் தண்டனைக்குரியது. அதைக் காவல்துறையிடமும் நீதிமன்றத்திடமும் மட்டும் கொடுக்க வேண்டும்.

வழக்கு முடியும்வரை அந்த ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். தானாக அழியும் செய்தி வசதி இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். சிசிடிவி என்றால் இன்னும் அவசரம். பெட்டி நிறைந்ததும் புதிய காட்சி பழையதன் மேல் பதிவாகிவிடும். சம்பவம் நடந்த அன்றே தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, காட்சியை அழிக்காமல் வைக்கும்படி கடைக்காரருக்கோ பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.