அடகுக்கடைகளில் பழைய ஒலிக்கருவி விற்பனை (ஐக்கிய அமெரிக்கா)

அடகுக்கடைகளில் பழைய ஒலிக்கருவி விற்பனை என்பது ஐக்கிய அமெரிக்காவில் பழைய பெருக்கிகள் (ஆம்ப்ளிஃபையர்), ரிசீவர்கள், ஒலிபெருக்கிகள் (ஸ்பீக்கர்), இசைத்தட்டுச் சுழலிகள் (டர்ன்டேபிள்), இசைத்தட்டுகள் மற்றும் அவை சார்ந்த சேகரிப்புப் பொருட்களை அவற்றின் உரிமையாளர்கள் அடகுக்கடைக்குக் கொண்டுசென்று பணமாக்கும் வழக்கத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அடகுக்கடை என்றதும் தங்க நகைக்குக் கடன் தரும் கடையே நினைவுக்கு வரும். அமெரிக்க அடகுக்கடையோ கடன் கொடுப்பதோடு நில்லாமல், பழைய பொருட்களை விலைக்கு வாங்கி விற்கும் கடையாகவும் இயங்குகிறது. நகைகளுக்கு அடுத்தபடியாகக் கித்தார், துப்பாக்கி, தச்சுக் கருவிகள், மின்னணுப் பொருட்கள் முதலியன அங்கே நிறைந்திருக்கும்.

தங்கத்தை நிறுத்துப் பார்த்தால் விலை தெரிந்துவிடும். ஐம்பது ஆண்டு பழமையான ஒரு பெருக்கியின் விலையை அவ்வாறு அறிய வழியில்லை. ஒரே பெட்டி ஒரு சேகரிப்பாளருக்கு ஆயிரம் டாலர் பெறுமானமுள்ளதாகவும், அதைப் பற்றி அறியாத கடைக்காரருக்கு இடத்தை அடைக்கும் பழைய மின்பொருளாகவும் தோன்றக்கூடும். இந்த இடைவெளியில் இழப்பவர் பெரும்பாலும் விற்பவரே. உடனடிப் பணத்தேவையில் இருப்பவரின் இழப்பு மேலும் அதிகம்.

அடகும் விற்பனையும்

கடைக்கு வருபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. பொருளை அடகு வைத்துக் கடன் பெறலாம். அல்லது ஒரேயடியாக விற்றுவிடலாம். பொதுவாக விற்பனைக்குக் கிடைக்கும் தொகை கடன் தொகையை விடச் சற்று அதிகமாக இருக்கும்.

அடகு வைப்பவர் குறித்த காலத்திற்குள் அசலையும் வட்டியையும் செலுத்திப் பொருளை மீட்கலாம். மீட்காவிடில் பொருள் மூழ்கிப்போகும். அதாவது கடைக்குச் சொந்தமாகிவிடும். அத்துடன் கடனும் தீர்ந்துவிடும். கடைக்காரர் மீதித் தொகைக்காக வழக்குத் தொடுப்பதில்லை. கடன் வாங்கியவரின் வேறு சொத்துக்களின் மீதும் அவருக்கு உரிமை இல்லை. இதனாலேயே கடைக்காரர் பொருளின் விலையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே கடனாகத் தருகிறார்.

வட்டி வீதம் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் மாதத்திற்கு 4 விழுக்காடே சட்டப்படியான உச்சவரம்பு. புளோரிடாவில் 30 நாட்களுக்கு 25 விழுக்காடு வரை கட்டணம் வசூலிக்கலாம். எடுத்துக்காட்டாக, 200 டாலர் கடனுக்கு நியூயார்க்கில் ஒரு மாத வட்டி 8 டாலர் எனில், புளோரிடாவில் அது 50 டாலர் வரை ஆகலாம். அங்கு இரண்டு மாதம் கழித்து மீட்க 300 டாலர் தேவைப்படும். 1968 ஆம் ஆண்டின் கூட்டரசுக் கடன் வெளிப்படைச் சட்டத்தின்படி இவ்வீதத்தை ஆண்டு வீதமாகக் கணக்கிட்டு அடகுச் சீட்டில் குறிப்பிடுதல் வேண்டும். மாதம் 25 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 300 விழுக்காடு என்று எழுதப்படும்போது அதன் கனம் தெரியும்.

பாட்டனாரின் பெருக்கியை இழக்க விரும்பாதவர், மீட்கும் பணம் வரும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே அடகு வைப்பது பொருந்தும். அந்த உறுதி இல்லாதவருக்கு விற்பனையே மேல் எனலாம். மீட்க முடியாத அடகு, குறைந்த விலைக்குச் செய்த விற்பனைக்குச் சமம். இடையில் வட்டியும் கட்டியிருந்தால் அதனிலும் மோசம்.

சேகரிப்பாளர் நாடும் கருவிகள்

பழையவை அனைத்தும் விலை போவதில்லை. 1950கள், 1960களைச் சேர்ந்த வெற்றிடக் குழல் (வால்வு) பெருக்கிகளும், 1970களின் திரிதடையப் (டிரான்சிஸ்டர்) பெருக்கிகளும் ரிசீவர்களுமே பெரிதும் தேடப்படுகின்றன. ரிசீவர் என்பது வானொலி ஏற்பியும் பெருக்கியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியாகும்.

1970களின் ரிசீவர்கள் சிறப்புப் பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் விளம்பரங்களில் பெருக்கிகளின் திறன் பலவாறு மிகைப்படுத்திக் கூறப்பட்டது. 1974 இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம், தொடர்ச்சியாக வழங்கக்கூடிய திறனையே விளம்பரத்தில் குறிப்பிட வேண்டும் என்று விதி வகுத்தது. அதன் பின் பயனியர், மராண்ட்ஸ், சான்சுயி, கென்வுட் முதலிய நிறுவனங்கள் மெய்யான வாட் அளவில் போட்டியிட்டன. இப்போட்டியின் உச்சமாக 1978 இல் வெளிவந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980, ஒரு பக்கத்துக்கு 270 வாட் திறன் கொண்டது. எடை ஏறக்குறைய 35 கிலோகிராம். 1980களில் செலவுக் குறைப்பு மேலோங்கி, உலோக முகப்புக்குப் பதில் நெகிழி முகப்பு வந்தது.

மராண்ட்ஸ் ரிசீவர்களில் 22 என்று தொடங்கும் வரிசையின் கடைசி இரு இலக்கங்கள் திறனைக் குறிக்கும். 1971 இல் வந்த 2270 ஒரு பக்கத்துக்கு 70 வாட், 2230 ஒரு பக்கத்துக்கு 30 வாட். தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போலிருந்தாலும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. இது தெரியாமல் இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுப்பவர் உள்ளனர்.

வால்வுக் கருவிகளில் 1961 இல் அறிமுகமான மெக்கின்டாஷ் எம்சி275 பெயர் பெற்றது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பழைய திரையரங்குக் கருவிகளை 1970கள் முதலே சப்பானியச் சேகரிப்பாளர் வாங்கிச் சென்றதால், அமெரிக்காவில் அவை அரிதாகிவிட்டன. சில வேளைகளில் பெட்டியை விட உள்ளிருக்கும் வால்வுகளே விலை மிக்கவை. டெலிஃபுங்கன் நிறுவனத்தின் ஈசிசி83 வால்வின் அடிப்பகுதியில், ஊசிகளுக்கு நடுவே கண்ணாடியில் ஒரு சாய்சதுரக் குறி பதிந்திருக்கும். மேலே அச்சிட்ட பெயர் அழிந்திருந்தாலும் இக்குறியைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம்.

அடகுக்கடைக்காரர் தயங்காமல் வாங்கும் கருவி ஒன்று உண்டென்றால் அது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழலியாகும். 1972 இல் அறிமுகமாகி, 1979 இல் மேம்படுத்தப்பட்டு, 2010 இல் நிறுத்தப்பட்டு, 2016 இல் மீண்டும் சந்தைக்கு வந்தது. இசைத்தட்டு இயக்குநர்கள் (டிஜே) உலகெங்கும் இதைப் பயன்படுத்தியதால் பெயரைச் சொன்னாலே வாங்குவோர் உள்ளனர். கடைக்காரரைப் பொறுத்தவரை அரிய பொருளை விட, அனைவருக்கும் தெரிந்த பொருளே நல்ல பொருள்.

பழுதும் சோதனையும்

கடையில் கருவியைச் சோதிப்பவர் பெரும்பாலும் மின்னிணைப்புக் கொடுத்து, விளக்கு எரிகிறதா, இரு பக்கமும் ஒலி வருகிறதா என்று மட்டுமே பார்ப்பார். பழைய கருவியின் உண்மை நிலை அதில் வெளிப்படாது. மின்பகுபொருள் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்) காலப்போக்கில் உலர்ந்து போகின்றன. அப்படிப்பட்ட கருவி கடையில் பத்து நிமிடம் ஒழுங்காகப் பாடிவிட்டு, வாங்கியவர் வீட்டில் புகையக்கூடும். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் தூசியாலும் துருவாலும் வருவது. தூய்மை செய்தாலே போய்விடும். ஆயினும் கடைக்காரர் அதையும் பழுதாகக் கணக்கிட்டு விலையைக் குறைப்பார். விற்பனைக்கு முன் ஒரு தொழில்நுட்பரிடம் இச்சிறு வேலையைச் செய்துகொள்வது பயன் தரும். முழுச் சீரமைப்புச் செய்து அடகுக்கடைக்குக் கொண்டுசெல்வது வீண். அச்செலவு விலையில் திரும்ப வராது.

ஒலிபெருக்கிகளில் கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். முன்துணியை அகற்றி விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாலே இது தெரியும். வளையத்தை மாற்ற இயலும் என்பதால் இது இறுதியான கேடு அன்று. ஜேபிஎல் எல்100 ஒலிபெருக்கியில் வளையம் துணியால் ஆனதால் நிலைத்திருக்கும். அதன் புகழ்பெற்ற முன்பக்க நுரைத்தட்டியோ உதிர்ந்துவிடும். உதிர்ந்த தட்டியைக் கண்டு உள்ளிருப்பதும் கெட்டுவிட்டது என்று விலை குறைத்துக் கேட்பதுண்டு.

விற்பவர் கையேடு, முதற்பெட்டி, வாங்கிய சீட்டு ஆகியவற்றை உடன் கொண்டுசென்றால் விலை கூடும். முகப்பைக் கடுமையான துப்புரவு நீர்மம் கொண்டு துடைப்பதால் எழுத்துகள் அழிந்துபோகும். அழிந்த எழுத்துகள் மின்பழுதை விட அதிகமாக விலையைக் குறைக்கும், ஏனெனில் அவற்றை மீட்க வழியில்லை.

விலை கணிக்கப்படும் முறை

பொதுவாக அடகுக்கடை தான் மறுவிற்பனை செய்ய எண்ணும் விலையில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொடுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மறுவிற்பனை விலை எது என்பதாகும். சீரமைக்கப்பட்ட ரிசீவர் ஒன்று இணையத்தில் 1000 டாலருக்கு விற்பதாகக் கொள்வோம். சீரமைக்கப்படாத அதே ரிசீவர் 500 டாலருக்கு விற்கலாம். கடைக்காரர் தம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் 350 டாலருக்கு மேல் தரமாட்டார் என்று கருதினால், அவர் கொடுக்கும் விலை 90 முதல் 175 டாலருக்குள் அமையும். விற்பவர் 1000 என்ற எண்ணை மனத்தில் கொண்டு வருவதால் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். கடைக்காரரோ வாடகை, காத்திருப்பு, பழுதானால் திருப்பிக்கொள்ளும் இடர், கனமான பெட்டியை அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டே சொல்கிறார். இரு கணக்குகளும் தத்தம் அளவில் சரியானவையே.

பேரம் பேசுவதற்குப் பயனுள்ள சான்று, இணையத்தில் கேட்கப்படும் விலை அன்று, விற்று முடிந்த விலையே ஆகும். 1995 இல் தொடங்கிய ஈபே ஏலத் தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பார்க்கும் வசதி உள்ளது. கடைக்காரரும் அதையே பார்க்கிறார்.

2009 இல் ஹிஸ்டரி தொலைக்காட்சியில் தொடங்கிய 'பான் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி லாஸ் வேகாஸ் நகரில் உள்ள ஓர் அடகுக்கடையில் நடைபெறும் பேரங்களைக் காட்டியது. வல்லுநர் ஒருவர் வந்து பொருளின் சந்தை விலையைக் கூறுவதும், உரிமையாளர் ஏறத்தாழ அதில் பாதியைத் தர முன்வருவதும் அதில் வழமை. சாதாரண அடகுக்கடையில் அப்படி வல்லுநரை வரவழைப்பது மிக அரிது. அங்கே கைப்பேசித் தேடலே வல்லுநர்.

இசைத்தட்டுகளும் பிற சேகரிப்புப் பொருட்களும்

ஐக்கிய அமெரிக்காவில் 2022 இல் 4 கோடியே 10 இலட்சம் வினைல் இசைத்தட்டுகளும் 3 கோடியே 30 இலட்சம் குறுந்தட்டுகளும் விற்றன. எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987க்குப் பின் அதுவே முதன்முறை. இச்செய்தியால் பரணில் கிடக்கும் தட்டுகள் எல்லாம் பொன் என்ற எண்ணம் பரவியது. உண்மையில் பெருமளவில் விற்ற தட்டுகளே இன்று பெருமளவில் கிடைக்கின்றன. ஹெர்ப் ஆல்பர்ட்டின் 1965 ஆம் ஆண்டுத் தட்டான 'விப்டு கிரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்' பழம்பொருள் கடைகளில் அடிக்கடி காணப்படுவது. அதற்குச் சில டாலர்களே கிடைக்கும்.

மாறாக, பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' தட்டின் முதல் உறை 1966 இல் எதிர்ப்புக் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. திரும்பிய உறைகள் பலவற்றின் மீது வேறு படம் ஒட்டி விற்றனர். ஒட்டப்படாத உறையும், ஒட்டிய படத்தின் கீழே பழைய படம் மங்கலாகத் தெரியும் உறையும் சேகரிப்பாளரிடம் பெருமதிப்புப் பெற்றவை. மேற்படத்தைத் தாமே உரித்துப் பார்த்து உறையைக் கெடுத்தவர்களும் உண்டு. அதே குழுவின் 1968 ஆம் ஆண்டு வெள்ளை உறைத் தட்டில் 0000001 என்ற எண் கொண்ட படி, ரிங்கோ ஸ்டாரிடம் இருந்தது, 2015 இல் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. இத்தகைய பொருட்களுக்குரிய இடம் ஏல நிறுவனமே.

இசைக்கருவிகளைப் பொறுத்தவரை அடகுக்கடைக்குத் தனிப் பெயரே உண்டு. மலிவாகக் கிடைத்த விந்தையான பழைய கித்தார்களை 'அடகுக்கடைப் புதையல்' என்ற பொருளில் இசைஞர்கள் அழைத்தனர். அந்த நினைவைக் கொண்டு ஃபெண்டர் நிறுவனம் 2011 இல் 'பான் ஷாப்' என்ற பெயரிலேயே ஒரு கித்தார் வரிசையை வெளியிட்டது.

சட்ட விதிகள்

பொருளைக் கொடுப்பவர் அரசு அடையாள அட்டையைக் காட்டுதல் வேண்டும். பல மாநிலங்களில் பெருவிரல் ரேகையும் பெறப்படுகிறது. பொருளின் தொடரெண், மாதிரி எண் ஆகியவை பதியப்பட்டுக் காவல்துறைக்கு அனுப்பப்படுகின்றன. விலைக்கு வாங்கிய பொருளைக் குறித்த நாட்கள் வரை விற்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் பல மாநிலங்களில் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால், அது உரிமையாளரிடம் சேர்க்கப்படுவதற்கு இக்காலம் உதவுகிறது. தொடரெண் சுரண்டப்பட்ட கருவியைக் கடைக்காரர் வாங்குவதில்லை. இறந்த உறவினரின் கருவிகளை விற்பவர், அவற்றை விற்கத் தமக்கு உரிமை உண்டா என்பதைக் குடும்பத்தாருடன் முன்னரே தெளிவுபடுத்திக்கொள்வது பின்னர் எழும் வழக்குகளைத் தவிர்க்கும்.

பிற வழிகள்

காத்திருக்கக் கூடியவருக்கு வேறு வழிகள் உள்ளன. பழைய ஒலிக்கருவிக் கடைகள் பழுதைத் தாமே நீக்கிக்கொள்ளும் என்பதால் அடகுக்கடையை விட அதிக விலை தருவது வழமை. சில கடைகள் பொருளை ஒப்படைப்பு முறையில் பெற்று, விற்ற பின் தமது பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். இசைத்தட்டுகளுக்கு 2000 இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம் பதிப்பு வாரியாக விற்பனை விலைகளைக் காட்டுகிறது. நேரடியாக விற்பவருக்கு மிகுந்த விலை கிடைக்கும். ஆனால் பொதியிடும் பொறுப்பும் அவருடையதே. 35 கிலோகிராம் ரிசீவரை மெல்லிய அட்டைப்பெட்டியில் அனுப்பினால் மின்மாற்றியின் எடையே அடித்தட்டை வளைத்துவிடும். சுழலியை அனுப்பும்போது தட்டுமேடையையும் கைக்கோலின் எதிர் எடையையும் கழற்றித் தனியே சுற்றி வைத்தல் வேண்டும்.